கலனின் முதல் நாள் கணக்கை எழுதி வையுங்கள்

கலப்புப் பொருள் அழுத்தக் கலன்களுக்குத் தரவிதி எழுதும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

கார்பன் நார் சுற்றிய அழுத்தக் கலன்களைச் சோதிப்பது என் தொழில். நிரப்புவோம், காலி செய்வோம், மறுபடி நிரப்புவோம். ஆயிரக்கணக்கான தடவை அப்படிச் செய்து, கடைசியில் பல கலன்களை வெடிக்கவும் வைப்போம். நீங்கள் எழுதும் விதிப் புத்தகங்கள் என் மேசையில் எப்போதும் திறந்தே கிடக்கும். எந்தப் பிரிவு எந்தப் பக்கத்தில் என்று கைக்கே பழகிவிட்டது. அந்தப் புத்தகங்களில் ஒரு பத்தி குறைகிறது: கலனுக்குள் ஓர் ஒளியிழையை (ஒளியைக் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழை) வைத்து, அது முதல் நாளில் காட்டுவதைப் பதிவு செய்து காக்கச் சொல்லும் பத்தி. அதைக் கேட்டுத்தான் இந்த மடல்.

இன்றைய நிலைமை உங்களுக்குத் தெரிந்ததுதான். தீயணைப்பு வீரர் முதுகில் சுமக்கும் 300 பார் காற்று சிலிண்டரைப் பல இடங்களில் 15 ஆண்டு முடிந்ததும் கழித்துவிடுகிறார்கள். வாகனங்களில் இயற்கை எரிவாயு சுமக்கும் கலனுக்கு ஐஎஸ்ஓ 11439 என்ற சர்வதேசத் தரவிதி தரும் உச்ச ஆயுள் 20 ஆண்டு. இடையில் சில வருடங்களுக்கு ஒருமுறை ஒருவர் டார்ச் அடித்து மேற்பரப்பைப் பார்ப்பார். சில வகைகளுக்கு ஹைட்ரோ டெஸ்ட்டும் (நீரால் அழுத்திப் பார்ப்பது) உண்டு. அவ்வளவுதான்.

ஒரே நாளில் ஒரே எந்திரத்தில் சுற்றப்பட்ட இரண்டு கலன்களை நினைத்துப் பாருங்கள். ஒன்று, நாளுக்கு இரண்டு முறை நிரம்பும் பேருந்தின் கூரையில் இருக்கிறது. இன்னொன்று வாரம் ஒருமுறை நிரம்பும் காரில் இருக்கிறது. பத்து வருடத்தில் முதலாவது 7,300 முறை விரிந்து சுருங்கியிருக்கும், இரண்டாவது 520 முறை. லேபிளைப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே வயது. காரில் இருந்ததை நல்ல நிலையிலேயே கழித்துப் போடுகிறோம். பேருந்தில் இருப்பது எந்த நிலையில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. நடுவில் ஒரு மெக்கானிக் அதைக் கை நழுவவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மாட்டியிருந்தால் இன்னும் மோசம்.

என்னை இந்த மடல் எழுத வைத்த கலனைப் பற்றிச் சொல்கிறேன். நான்காம் வகை, அதாவது உள்ளே பிளாஸ்டிக் லைனர், வெளியே முழுக்கக் கார்பன் நார். வேலை அழுத்தம் 70 மெகாபாஸ்கல், ஹைட்ரஜனுக்கானது. சுற்றும்போதே அடுக்குகளுக்கு நடுவில் ஓர் ஒளியிழையையும் சேர்த்துச் சுற்றியிருந்தார்கள். ஆலையில் அதற்கு முதல் அழுத்தச் சோதனை நடந்தபோது நானும் போய் நின்று, ஒளியிழை காட்டிய திரிபுக் கோட்டை, அதாவது சுவர் எந்த இடத்தில் எவ்வளவு நீள்கிறது என்ற வரைகோட்டை, பதிவு செய்துகொண்டேன். அப்புறம் எங்கள் கூடத்தில், விதிப்படி 1.8 மீட்டர் உயரத்திலிருந்து 45 பாகை சாய்வில் தோள் பக்கம் (உருளை வளைந்து கழுத்தை நோக்கிக் குறுகும் பகுதி) தரையில் படும்படி போட்டோம்.

விழுந்த இடத்தில் ஒரு மங்கலான உரசல், அவ்வளவுதான். ஆழமானியை வைத்துப் பார்த்தால் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. இருபது வருட அனுபவமுள்ள பரிசோதகர் ஒருவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, நாணயத்தால் தட்டிக் கேட்டு, ஒன்றுமில்லை என்றார். நான் அவரைக் குறை சொல்லவே மாட்டேன். நானும் தடவிப் பார்த்தேன், எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு சோதனைக் குழிக்குள் இறக்கி, மெதுவாக அழுத்தம் ஏற்றினோம். திரையில் கோடு விரிந்தது. உருளைப் பகுதி முழுக்க ஆலையில் எடுத்த கோட்டின்மேல் அப்படியே படிந்தது. தோளுக்கு வந்ததும் விலகியது. ஒரு விரல் அகல இடத்தில், ஆலைப் பதிவில் இல்லாத ஒரு மேடு. அழுத்தத்தை இறக்கினோம். மேடு முழுசாக அடங்கவில்லை, கொஞ்சம் மிச்சம் நின்றது. அதன்பின் 87.5 மெகாபாஸ்கல் வரை சுழற்சி ஆரம்பித்தது. பம்ப் இரவு முழுக்க ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தது. சில ஆயிரம் சுழற்சிக்கு ஒருமுறை நிறுத்தி, அதே அழுத்தத்தில் பிடித்துவைத்து, மறுபடி படித்தோம். மேடு உயரவில்லை, ஆனால் அகலமாகிக்கொண்டே வந்தது. மேலே இருந்த உரசல் மட்டும் முதல் நாள் இருந்த மாதிரியே இருந்தது.

அந்தக் கலன் தேறிவிட்டது. விதி கேட்ட எல்லாச் சுழற்சியையும் தாங்கியது, ஒழுகவில்லை, வெடிக்கவில்லை. வைர வாளால் அறுத்துப் பார்த்தபோது, வளைய அடுக்குக்கும் (உருளையைச் சுற்றி வளையமாகப் போவது) சாய்வு அடுக்குக்கும் (சாய்வாகச் சுற்றிப் போவது) நடுவே ஓர் இலை வடிவத்தில் பிரிவு ஓடியிருந்தது. திரையில் பார்த்த அகலமும் அறுத்துப் பார்த்த அகலமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. சோதனை அறிக்கையில் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. ‘தேர்ச்சி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். மறுபடி மறுபடி அழுத்தம் ஏறி இறங்கி ஒரு கலன் எப்படிக் களைத்தது என்ற முழுக் கதையும் கையில் இருந்தும், எழுதி வைக்க இடமில்லாமல் போனது.

உலோகம் களைப்பது வேறு, சுற்றிய கலன் களைப்பது வேறு. இதை நீங்கள் அறிவீர்கள். ஆனாலும் நம் பரிசோதனை முறைகள் இன்னும் உலோக சிலிண்டரின் பழக்கத்திலேயே இருப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. எஃகில் ஒரு விரிசல் பிறந்து வளரும். எந்த நீளத்தில் ஆபத்து என்று கணக்குப் போட்டுவிடலாம். கார்பன் நார்க் கலனில், முதல் தடவை அழுத்தும்போதே நார்களைப் பிணைக்கும் ரெசினில் நுண்விரிசல்கள் விழ ஆரம்பிக்கும். குழி அமைதியாக இருந்தால் டிக், டிக் என்று காதிலேயே கேட்கும். அவற்றால் பெரிய கெடுதல் இல்லை, சுமை தாங்குவது நார்தான். அந்த விரிசல்கள் ஓர் அடுக்கின் ஓரத்தை எட்டியதும் பக்கவாட்டில் திரும்பி அடுக்குகளைப் பிரிக்கத் தொடங்கும்போதுதான் கவலை ஆரம்பிக்கிறது. பிரிந்த இடத்தில் சுமை வேறு வழி தேடிப் போகும். பலவீனமான நார் அறும், பக்கத்து நார் கூடுதலாகச் சுமக்கும், கொத்துக் கொத்தாக அறுபடும்.

இது எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம், ஆனால் தோளில்தான் அதிகம் எதிர்பார்க்க வேண்டும். உருளைச் சுவரில் சுற்றுவட்டத் தகைவு (சுவரை இழுக்கும் விசையின் செறிவு) நீளவாக்குத் தகைவைப் போல இரண்டு மடங்கு. அதற்காகத்தான் வளைய அடுக்குகளைக் கனமாகச் சுற்றுகிறோம். அந்த வளைய அடுக்குகள் தோளருகே முடிந்துவிடுகின்றன. விறைப்பு சட்டென்று மாறுகிற அந்த இடத்தில், ஒவ்வொரு நிரப்பலுக்கும் சுவர் வளைந்து கொடுக்கிறது. கீழே விழும்போது முதலில் தரையில் படுவதும் பெரும்பாலும் அதே தோள்தான்.

இப்போது ஹைட்ரோ டெஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீர் உறைக்குள் கலனை வைத்து அழுத்தி, மொத்தக் கொள்ளளவு எவ்வளவு விரிந்தது, இறக்கியபின் எவ்வளவு திரும்பவில்லை என்று அளக்கிறோம். எஃகுக்கு இது அருமையான சோதனை. கார்பன் நார்க் கலனின் தோளில் உள்ளங்கை அளவு அடுக்குப் பிரிவு இருந்தாலும், மொத்தக் கொள்ளளவில் அதன் பங்கு அளவீட்டுப் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். போதாததற்கு, வேலை அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்கு சுமையை அந்தச் சேதத்தின்மேல் ஏற்றிவிட்டு, நல்ல சிலிண்டர் என்று முத்திரையும் குத்தி அனுப்புகிறோம்.

வெளியே தெரியாத சேதம் என்ன செய்யும் என்பதற்கு விண்வெளித் துறையில் இரண்டு சம்பவங்கள் பொதுவெளியில் இருக்கின்றன. 2016 செப்டம்பர் 1 அன்று ஃபால்கன் 9 ராக்கெட் ஏவுதளத்திலேயே வெடித்தது. இரண்டாம் கட்டத்தின் ஆக்சிஜன் தொட்டிக்குள் இருந்த ஹீலியம் கலன் ஒன்றில், லைனருக்கும் நார்ச் சுற்றுக்கும் நடுவே ஆக்சிஜன் தேங்கியதுதான் தொடக்கம் என்று ஸ்பேஸ்எக்ஸ் சொன்னது. 2025 ஜூனில் தரைச் சோதனையின்போது ஸ்டார்ஷிப் ஒன்று வெடித்தது. நைட்ரஜன் கலன் ஒன்றில் இருந்த, கண்டுபிடிக்கப்படாமல் போன சேதமே பெரும்பாலும் காரணமாக இருக்கும் என்று அதே நிறுவனம் அறிவித்தது. இரண்டும் ஒரே வகைக் கோளாறு என்று நான் சொல்லவில்லை. முதலாவது நேரடியாகக் களைப்பு சார்ந்ததும் இல்லை. ஆனால் இரண்டிலும் விஷயம் சுவருக்கு உள்ளே இருந்தது, பார்ப்பவர் வெளியே நின்றார்.

சுவருக்குள் நின்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒளியிழை 125 மைக்ரான் தடிமன் கொண்ட கண்ணாடி. மேலே பாலிஇமைடு பூச்சு. ரெசின் இறுகும் சூட்டை அது தாங்கும், துருப்பிடிக்காது, மின்சாரம் கடத்தாது. எரிவாயு இருக்கும் இடத்தில் தீப்பொறிக்கு வாய்ப்பில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி. சுற்றும் எந்திரத்தில் கார்பன் நாரோடு சேர்ந்தே அதையும் ஓட்டிவிடலாம்.

அது பேசும் முறை இரண்டு. முதலாவது பிராக் கீற்றணி. 1978-இல் கனடாவின் தகவல் தொடர்பு ஆய்வு மையத்தில் கென் ஹில் குழுவினர், ஒளியிழைக்குள் லேசரைச் செலுத்தும்போது இழையே ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடியாக மாறுவதைக் கண்டார்கள். இன்று புற ஊதாக் கதிரைப் பக்கவாட்டிலிருந்து பாய்ச்சி, அரை மைக்ரான் இடைவெளியில் ஆயிரக்கணக்கான கோடுகளை இழைக்குள் வரைகிறோம். அந்த இடைவெளிக்குப் பொருத்தமான ஒரே ஒரு நிறத்தை அது திருப்பி அனுப்பும். இழை நீண்டால் இடைவெளி கூடும், திரும்பி வரும் நிறம் நகரும். 1,550 நானோமீட்டரில், நீளம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கூடினால் அலைநீளம் சுமார் 1.2 பிக்கோமீட்டர் நகர்கிறது. வேகமாகப் படிக்கலாம், நொடிக்கு ஆயிரம் தடவைகூட. ஆனால் கீற்றணி இருக்கும் இடத்தில் மட்டும்தான் காது இருக்கும். சேதம் இரண்டு சென்டிமீட்டர் தள்ளி விழுந்தால் அதற்குத் தெரியாமலே போகலாம்.

இரண்டாவது முறைதான் என் மனசுக்கு நெருக்கம். சாதாரண ஒளியிழையிலேயே, கண்ணாடி உறையும்போது அடர்த்தியில் ஏற்பட்ட மிகச் சிறிய ஏற்ற இறக்கங்கள் வழி நெடுக உறைந்து கிடக்கின்றன. அவை ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சிதறடிக்கும். இது ராலே சிதறல். இந்தச் சிதறலின் கோலம் ஒவ்வொரு இழைக்கும் வேறு, நம் கைரேகை மாதிரி. லேசரின் அலைநீளத்தை மெல்ல ஓட்டிக்கொண்டே இந்தக் கோலத்தைப் படித்து வைத்துக்கொண்டால், பிறகு எப்போது படித்தாலும் பழைய கோலத்தோடு ஒப்பிட்டு, எந்த மில்லிமீட்டரில் இழை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம். பத்து இருபது மீட்டர் இழை, ஆயிரக்கணக்கான அளவிடும் புள்ளிகள். பிரில்லுவான் சிதறல் முறையும் உண்டு. அது கிலோமீட்டர் கணக்கில் ஓடும் குழாய்களுக்கு நல்லது. அதன் நுணுக்கம் பெரும்பாலும் மீட்டர் அளவில் நிற்பதால் கலனின் தோளுக்கு உதவாது.

இதெல்லாம் புதுசு இல்லை. பெர்லினில் உள்ள ஜெர்மனியின் பொருளாய்வு நிறுவனமான பாம், கலன்களுக்குள் ஒளியிழையைப் பதித்துக் களைப்புச் சோதனை செய்திருக்கிறது. நாசாவின் ஆம்ஸ்ட்ராங் மையம் விமான இறக்கைகளுக்காக வளர்த்த ஒளியிழை முறையைக் கலன்களிலும் பயன்படுத்தியிருக்கிறது. கருவி இருக்கிறது, செய்யத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். விதியில் இடம்தான் இல்லை.

நான் கேட்பதன் மையத்துக்கு வருகிறேன். ராலே முறையைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்லைக் கவனித்திருப்பீர்கள்: பழைய கோலம். ஒப்பிட ஒரு முதல் பதிவு இல்லாவிட்டால், ஒளியிழை கலனுக்குள் சும்மா கிடக்கும் கண்ணாடிதான். பத்து வருடம் ஓடிய கலனைக் கொண்டுவந்து, இழை உள்ளே இருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் என்று கேட்டால், இன்றைய நிலையை மட்டும் என்னால் சொல்ல முடியும். அது சேதமா, அல்லது சுற்றும்போதே இருந்த சமனின்மையா என்று சொல்ல முடியாது. சுற்றிய எந்தக் கலனும் அச்சில் வார்த்த மாதிரி இருப்பதில்லை. நாரின் இழுவிசை கொஞ்சம் மாறும், ரெசின் ஓரிடத்தில் கூடும், இறுகும்போது உள்ளே எஞ்சும் திரிபு கலனுக்குக் கலன் வேறுபடும். இந்தப் பிறவிக் குணங்கள் திரையில் மேடு பள்ளமாகத் தெரியும். நான் சொன்ன கலனின் தோளில் இருந்த மேடு புதுசு என்று எனக்குத் தெரிந்ததற்கு ஒரே காரணம், ஆலையில் முதல் நாள் எடுத்த பதிவு என் கையில் இருந்ததுதான்.

இழையைக் கலனுக்குள் பிறகு செருக முடியாது. முதல் பதிவையும் பிறகு எடுக்க முடியாது. இரண்டுக்கும் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, கலன் தயாராகிற நாள். உங்கள் விதி அந்த நாளைப் பற்றிப் பேசாவிட்டால், அப்புறம் எவ்வளவு நல்ல கருவி வந்தாலும் பயன் குறைவுதான். வழக்கமாக, தொழில்நுட்பம் முதிரட்டும், அப்புறம் விதியில் சேர்க்கலாம் என்பீர்கள். பல விஷயங்களில் அது சரியான பொறுமை. இந்த விஷயத்தில் நாம் பொறுத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் தயாராகும் கலன்கள், தங்கள் ஆயுள் முழுக்க முதல் பதிவு இல்லாமலே ஓடும்.

எதிர்க்கேள்விகள் வரும். நானே சிலவற்றோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

இழையே கலனைப் பலவீனமாக்காதா? நியாயமான கேள்வி. கார்பன் நார் சுமார் 7 மைக்ரான், ஒளியிழை பூச்சோடு அதைவிட இருபது மடங்கு தடி. கார்பன் நாருக்குக் குறுக்கே போட்டால் இரு பக்கமும் ரெசின் தேங்கி, வெட்டிப் பார்க்கும்போது ஒரு கண் மாதிரி தெரியும். அந்தக் கண்ணின் ஓரத்தில் விரிசல் பிறக்கலாம். நாரின் போக்கிலேயே போட்டால் நார்கள் அதைச் சுற்றி ஒழுங்காகப் படிந்துகொள்ளும். ஆகவே விதியில் எழுத வேண்டியது இதுதான்: இழை, தான் இருக்கும் அடுக்கின் நார்த் திசையிலேயே போக வேண்டும். இழை உள்ள கலனும் வகைச் சோதனைகள் (ஒரு வடிவமைப்புக்கு அனுமதி தருமுன் நடத்துபவை) எல்லாவற்றையும் தாண்டியாக வேண்டும், இதில் சலுகையே வேண்டாம்.

வெளியே வரும் இடம்தான் உண்மையான தலைவலி. சுவருக்குள் இருக்கும் வரை இழை பத்திரமாக இருக்கும். சுவரை விட்டு வெளியே வரும் அந்த ஒரு மில்லிமீட்டரில், கெட்டியான ரெசினுக்கும் காற்றுக்கும் நடுவே, லேசாக மடங்கினாலே முறிந்துவிடும். நாங்கள் ஆரம்பத்தில் செய்த கலன்களில் இழை போனதெல்லாம் அங்கேதான். கலனை அடுப்பிலிருந்து எடுக்கும்போது, வழிந்த ரெசினைத் தேய்த்து எடுக்கும்போது, ஏன், துணியால் துடைக்கும்போதுகூட. இப்போது வெளியேறும் இடத்தில் மெல்லிய டெஃப்லான் குழாயைச் சேர்த்துப் பதிக்கிறோம். இணைப்பானைக் கழுத்து உலோகத்தின் பக்கத்தில் ஒரு காப்பு வளையத்துக்குள் வைக்கிறோம். இழையின் இரண்டு முனைகளையும் வெளியே கொண்டு வருகிறோம், ஒன்று முறிந்தாலும் மற்றதிலிருந்து படிக்கலாம். இதற்கு ஒரு பொது வடிவம் வேண்டும். ஆளுக்கொரு இணைப்பான் என்று போனால், பத்து வருடம் கழித்துப் பரிசோதனைக் கூடத்தில் பொருந்தும் முனை கிடைக்காமல் நிற்போம்.

வெப்பநிலையைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கீற்றணிக்கு ஒரு பாகை வெப்பம் சுமார் 10 பிக்கோமீட்டர். அதாவது ஒரு பாகை சூடு, சுமார் 8 மைக்ரோ ஸ்ட்ரெயின் (நீளத்தில் பத்து லட்சத்தில் 8 பங்கு) நீட்சி மாதிரி வேஷம் போடும். ஹைட்ரஜனை வேகமாக நிரப்பும்போது வாயு சூடாகிறது. அது 85 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பதற்காகத்தான் நிரப்பு நிலையத்தில் முன்கூட்டியே குளிர்விக்கிறார்கள். சுவர் 40 பாகை ஏறினால் 320 மைக்ரோ ஸ்ட்ரெயின் பொய்யாகச் சேரும். முழு அழுத்தத்தில் திரிபு பல ஆயிரம் என்பதால் இது சின்னதாகத் தோன்றலாம். ஆனால் நாம் தேடும் சேதத்தின் அடையாளம் பல சமயம் இதைவிடச் சிறியது. அதனால் வண்டி ஓடும்போதே படித்து எச்சரிக்கை விளக்கு எரிய வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பரிசோதனை நாளில், கலன் அறை வெப்பநிலைக்கு வந்தபின், குறித்த அழுத்தங்களில் பிடித்துவைத்துப் படித்தால் போதும். ராலே முறைக்கும் அதுதான் தோது. அது மெதுவாகப் படிக்கும் முறை, அதிர்வு இருந்தால் தடுமாறும்.

தெரியாதவையும் இருக்கும். ஒளியிழை தன் பக்கத்தில் நடப்பதைத்தான் சொல்லும். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே இடைவெளி விட்டு ஓட்டியிருந்தால், அந்த இடைவெளிக்குள் அடங்கும் சிறு சேதம் தப்பிவிடும். பிளாஸ்டிக் லைனர் வழியாக வாயு கசிவதும், வேகமாகக் காலி செய்யும்போது லைனர் உள்ளே புடைத்துக்கொள்வதும் இதில் நேரடியாகத் தெரியும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். திரிபு ஒரே இடத்தில் மிகச் செங்குத்தாக மாறினால், ராலே முறையில் கோலம் பொருந்தாமல் போய் அந்த இடத்தில் வெறும் இரைச்சல்தான் வரும். ஒலி உமிழ்வுச் சோதனைக்கு இது மாற்றும் இல்லை. அழுத்தும்போது எங்காவது எதாவது உடைந்தால் ஒலி உமிழ்வு சொல்லும். ஆனால் முன்பு தாங்கிய அழுத்தத்தைத் தாண்டும் வரை நல்ல கலன் பேசாமல் இருக்கும், பழைய காயத்தின் அளவைக் கேட்டால் அதனிடம் நேரடியான பதில் கிடையாது. கண்ணால் பார்ப்பதும் தொடரட்டும். அந்தப் பரிசோதகரின் கட்டைவிரலுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சென்சார் வைத்தால் பாதுகாப்பு விகிதத்தைக் குறைக்கலாம், நாரை மிச்சப்படுத்தலாம் என்ற பேச்சு கூட்டங்களில் அடிக்கடி வருகிறது. கார்பன் நாரின் விலைதான் கலனின் விலையில் பெரும்பகுதி என்பதால் அந்த ஆசை புரிகிறது. ஐநா உலகளாவிய ஒழுங்குவிதி எண் 13, 2013-இல் வந்தபோது கார்பன் நார்க் கலனின் குறைந்தபட்ச வெடிப்பு அழுத்தம் வேலை அழுத்தத்தின் 225 சதவீதமாக இருந்தது. இரண்டாம் கட்டத் திருத்தத்தில் 200 ஆனது. அதை நியாயப்படுத்தச் சோதனைகள் இருந்தன, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் இதற்கும் கீழே போவதற்கு ஒளியிழையைக் காரணமாகக் காட்டாதீர்கள். எந்த அளவு மேடு வந்தால் கலனைக் கழிக்க வேண்டும் என்ற எல்லையே இன்னும் நம்மிடம் இல்லை. எல்லை தெரியாத அளவீட்டை நம்பிச் சுவரை மெலிதாக்கக் கூடாது.

அந்த எல்லையைக் கண்டுபிடிக்கும் வழியை நீங்களே ஏற்கெனவே வைத்திருக்கிறீர்கள். வகை அனுமதிக்காக ஒவ்வொரு தயாரிப்பாளரும் கலன்களைக் கீழே போடுகிறார், மேற்பரப்பில் வெட்டுப் போடுகிறார், ரசாயனம் ஊற்றுகிறார், 85 பாகையில் ஆயிரம் மணி நேரம் அழுத்தத்தில் வைக்கிறார், சூட்டிலும் குளிரிலும் சுழற்றுகிறார், கடைசியில் மிச்சமிருக்கும் பலத்தை அளக்கிறார். ஒரு கலன் வாழ்நாளில் படக்கூடிய கஷ்டத்தையெல்லாம் வரிசையாகப் படுத்திப் பார்க்கும் இவ்வளவு அருமையான சோதனையிலிருந்து நாம் எடுத்து வைப்பது ஒரே ஒரு சொல், தேர்ச்சி அல்லது தோல்வி. அந்தச் சோதனைக் கலன்களில் ஒளியிழை இருந்து, ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னும் ஒரு பதிவு எடுக்கப்பட்டால், இவ்வளவு அகல மேடு இருந்த கலனில் இவ்வளவு பலம் மிச்சமிருந்தது என்ற கணக்கு தானாகச் சேர ஆரம்பிக்கும். விற்பனைக்குப் போகும் கலன் ஒன்றைக்கூடத் தொட வேண்டாம். எப்படியும் உடைக்கப் போகிற கலன்கள்தானே.

ஆகவே நான் கேட்கும் பத்தி இப்படி இருக்கலாம். வகைச் சோதனைக்கு வரும் கலன்களில் குறைந்தது சிலவற்றில், தோள்கள் இரண்டையும் கடந்து செல்லும் ஒளியிழை சுற்றப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு சோதனைக் கட்டத்துக்கு முன்னும் பின்னும், குறிப்பிட்ட அழுத்தங்களில் திரிபுப் பதிவு எடுத்து அறிக்கையோடு இணைக்க வேண்டும். பதிவு எல்லோரும் திறக்கக்கூடிய பொது வடிவத்தில் இருக்க வேண்டும், ஒரு கருவி நிறுவனத்தின் மென்பொருளுக்குள் பூட்டிக் கிடக்கக் கூடாது. தானாக முன்வந்து விற்பனைக் கலனில் ஒளியிழை வைக்கும் தயாரிப்பாளர், ஆலையின் அழுத்தச் சோதனையின்போதே முதல் பதிவை எடுத்து, கலனின் வரிசை எண்ணோடு சேர்த்து, அந்தக் கலன் கழிக்கப்படும் நாள் வரை காக்க வேண்டும். இழை எந்த அடுக்கில், எந்த வழியில் போகிறது, முனைகள் எங்கே என்பதும் அதில் இருக்க வேண்டும். இதையெல்லாம் தேடி எடுக்க வசதியாக லேபிளில் ஒரு வரி.

யார் காப்பது என்பதில் சண்டை வரும் என்று தெரியும். தயாரிப்பாளர்கள் தங்கள் திரிபுக் கோடுகளை வெளியே காட்டத் தயங்குவார்கள், அதிலிருந்து சுற்றும் முறையை ஊகித்துவிடலாம் என்பதால். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். முதல் பதிவு அந்தக் கலனைப் பரிசோதிப்பவர் கையில் கிடைத்தால் போதும், உலகத்துக்கே காட்ட வேண்டியதில்லை. ஆனால் தயாரிப்பாளரின் கணினியில் மட்டும் இருந்தால், அந்த நிறுவனம் மூடப்படும் நாளில் ஆயிரக்கணக்கான கலன்கள் ஒரே இரவில் தங்கள் முதல் நாளை இழந்துவிடும். இரண்டாவதாக ஒரு பிரதி வேறொரு இடத்தில் இருந்தே ஆக வேண்டும்.

எரிவாயு சிலிண்டர்களுக்கான ஐஎஸ்ஓ குழு 58-உம் ஹைட்ரஜனுக்கான குழு 197-உம் இதைத் தனித்தனியாக எழுதினால் இரண்டு வடிவங்கள் வரும். தயவுசெய்து சேர்ந்து உட்காருங்கள். வரைவு எந்த நிலையில் இருந்தாலும் எனக்கு அனுப்பலாம். எங்கள் கூடத்தில் பட்ட பாடுகளை, முறிந்த முனைகளின் படங்கள் உட்பட, மறைக்காமல் தருகிறேன்.

இதை எழுதும்போது கீழே குழியில் ஒரு கலன் 6,000 சுழற்சியைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் முதல் நாள் பதிவு என்னிடம் இருக்கிறது, ஆலைக்குப் போய் நின்று நானே எடுத்தேன். அடுத்து ஏற்றுவதற்காகச் சுவரோரம் இன்னொரு கலன் நிற்கிறது. அதற்குள்ளும் ஒளியிழை இருக்கிறது, முனைகளும் நல்லபடியாக இருக்கின்றன. ஆனால் அதன் முதல் அழுத்தத்தின்போது யாரும் படித்து வைக்கவில்லை.

இப்படிக்கு,
கலன் சோதனைக்கூடப் பொறியாளர் ஒருவர்